காடியும் சிர்க்காவும்

வடபுலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுக்களையில் இன்று வினிகர்ப் புட்டி ஒன்று இடம்பெற்றுவிட்டது. அதில் ஊறிய சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் ரொட்டிக்குத் துணையாக உண்ண நம் பிள்ளைகள் பழகிவிட்டனர். முதியோர் சிலரோ, "இஃது அயலார் பண்டம், நமக்கு எதற்கு?" என்கின்றனர். அயலதுதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

காடி என்பது நம் மொழியின் பழஞ்சொல். புளித்த கஞ்சி நீரையும் குறிக்கும், வினிகரையும் குறிக்கும். "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்னும் பழமொழியை அறியாத பாட்டியர் இலர். சித்த மருத்துவர் மருந்துச் சரக்குகளைத் தூய்மை செய்யக் காடியைக் கையாள்வர். ஆயினும் இவ்விரண்டும் முற்றும் ஒன்றல்ல. கஞ்சியின் புளிப்பு பெரும்பாலும் தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்தால் வருவது. வினிகரின் புளிப்போ அசெட்டிக் அமிலத்தால் வருவது. இனிய சாறு முதலில் நொதித்து மதுவாகிறது. பின்னர்க் காற்றுப்படும்போது நுண்ணுயிர்கள் அம்மதுவைப் புளிக்கச் செய்கின்றன. இவ்வுண்மையைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1864-இல் விளக்கினார். வினிகர் என்னும் சொல்லுக்கே பிரெஞ்சு மொழியில் 'புளித்த திராட்சை மது' என்பதுதான் பொருள்.

வடநாட்டார் இதனைச் சிர்க்கா என்பர். இது பாரசீகச் சொல். மலையாளத்தார் வழங்கும் சுர்க்காவும் இதன் வழிவந்ததே. கருப்பஞ்சாற்றையோ நாவற்பழச் சாற்றையோ மண்பாண்டத்திலிட்டு, வெயிலில் பல நாள் வைத்துச் சிர்க்கா எடுப்பது இங்குள்ள வழக்கம். கோடையில் நாம் அருந்தும் சிகஞ்சியின் பெயரும், சிர்க்காவும் தேனும் கலந்த 'சிகஞ்சபீன்' என்னும் பாரசீகப் பானத்தின் பெயரிலிருந்து வந்ததென்பர். சிர்க்கா போய் எலுமிச்சை வந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சுவை மிக்க கதை கோவாவினுடையது. 1510-இல் அந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், மதுவிலும் பூண்டிலும் ஊன் ஊறவைக்கும் தம் நாட்டு முறையை உடன் கொணர்ந்தனர். கோவாவில் திராட்சை மதுவுக்கு எங்கே போவது? தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி அவ்விடத்தை நிரப்பியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் கொணர்ந்த மிளகாயும் உடன் சேர்ந்தது. 'வின்யா த ஆல்யோஷ்' என்ற பெயர் விந்தாலு ஆயிற்று. அதன் ஈற்றிலுள்ள 'ஆல்யோ' பூண்டைக் குறிப்பது. அதனை 'ஆலு' என்று கொண்டு உருளைக்கிழங்கைச் சேர்த்துவிட்ட உணவகத்தாரின் சொல்லாராய்ச்சியை என்னென்பது!

இலங்கைத் தமிழர் இதனை வினாகிரி என்பர். இது 'வினாக்ரே' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அங்கும் தென்னங்காடி ஊறுகாய்க்கும் கறிக்கும் பயன்படுகிறது.

அங்ஙனமாயின் தென்னையும் பனையும் நிறைந்த தமிழகத்தில் இது பெருவழக்காகாதது ஏன்? புளி மலிந்த நாட்டில் வேறு புளிப்பைத் தேட வேண்டிய தேவை எழவில்லை என்பதே என் கருத்து. மோரும் எலுமிச்சையும் எஞ்சிய குறையைத் தீர்த்தன. புளிக்குழம்பும் புளியோதரையும் ஒரு நாள் கெடாமல் இருப்பது புளியின் அமிலத்தாலன்றோ? விந்தாலுவில் காடி செய்யும் வேலையை நம் வீட்டில் புளியே செய்துவந்தது.

இனி, புட்டி வாங்கும் இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். கடையில் விற்பன யாவும் சாற்றிலிருந்து நொதித்தவை அல்ல. அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்த செயற்கை வினிகரும் உண்டு. மேல்தாளைப் படித்தால் தெரியும். அதில் புளிப்பு உண்டு, மணம் இல்லை. கருப்பங்காடிக்குச் சற்று மிகுதியாகக் காசு கொடுத்தல் தகும். நெடுநேரம் கொதித்தால் காடியின் மணம் ஆவியோடு போய்விடுமாதலின், காய்க்கறிக்கு இறக்கும் தறுவாயில் ஒரு கரண்டி விட்டால் போதும். வெங்காயம் ஊறவைக்கப் பித்தளையும் அலுமினியமும் ஆகா. அமிலம் உலோகத்தை அரிக்கும். ஊரிலிருந்து நீங்கள் கொணர்ந்த ஊறுகாய்ப் பீங்கான் பரணியே அதற்கு ஏற்றது.