எரியும் விளக்கு சாட்சியன்று

விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது; ஆகவே சுவருக்குள் ஓடும் கம்பிகள் யாவும் நலம் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். இம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை மனிதர் கற்றுக்கொண்டது வீடுகளில் அன்று, அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில். மின்கம்பியின் காப்புத்தடையை அளந்து பார்க்கும் வழக்கம் வேர்கொண்ட இடம் அதுவே.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் ஒரு தந்திவடம் இணைத்தது. அதன் செப்புக்கம்பிக்குப் போர்வையாக இருந்தது மலாய்க் காடுகளிலிருந்து வந்த கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால். விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்து 100 சொற்களுக்குள் அடங்கியது. அது போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. எனினும் ஊர்கள் விழாக் கொண்டாடின. சைகைகள் மங்கியபோது, அறுவை மருத்துவராயிருந்து மின்னியலுக்கு வந்த ஒயிட்ஹவுஸ், ஏறத்தாழ 2000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். மூன்று வாரங்களில் வடம் ஊமையானது.

பழி அவர்மேல் விழுந்தது. ஆனால் வடம் அவசரத்தில் செய்யப்பட்டது. வெயிலில் கிடந்து மரப்பால் இளகியதில் செப்புக்கம்பி நடுவிடம் விட்டு விலகியிருந்தது. கடலில் இறங்குமுன்னரே காப்பு மெலிந்துவிட்டது. அதை முறையாகச் சோதித்துச் சொல்லும் வழக்கம் அப்போது நிலைபெறவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட தடை அலகும் இல்லை.

அடுத்துச் செங்கடல் வழியே கராச்சிக்கு இடப்பட்ட வடமும் 1860இல் பயனற்றுப் போயிற்று. அதற்குப் பிணை நின்ற பிரிட்டிஷ் அரசு, பேசாத வடத்துக்காகப் பணம் கட்ட நேர்ந்தது. 1859இல் அமைந்த கூட்டு விசாரணைக் குழு 1861இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அறிவியல் கழகம், மின்தடைக்கு அலகு காணத் தனிக்குழு அமைத்தது. அம்முயற்சியின் வழியே 'ஓம்' பிறந்தது. அதன் பத்து லட்சம் மடங்கு மெகா ஓம். 1866இல் வடம் இறக்கப்பட்டபோது, வில்லோபி ஸ்மித் வகுத்த முறைப்படி கப்பலிலேயே இடைவிடாது காப்பைச் சோதித்து வந்தனர். அந்த வடம் நிலைத்தது.

மின்விளக்கு வீடுகளுக்குள் வந்தபோது அச்சமும் உடன் வந்தது. 1882இல் லண்டனின் தந்திப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட முதல் விதித்தொகுப்பு தீ அபாயத் தடுப்பைத் தலைப்பிலேயே தாங்கியது. 1889இல் சிட்னி எவர்ஷெட், எடுத்துச் செல்லத்தக்க சோதனைக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1903இல் 'மெக்கர்' என்னும் வணிகப்பெயர் பதிவாயிற்று. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் மின்னாக்கி அழுத்தம் தரும். முள் மெகா ஓமில் விடை சொல்லும். இன்று மின்கலத்தில் இயங்கும் கருவியையும் நம் மின்பணியாளர்கள் மெக்கர் என்றே அழைக்கின்றனர்.

சோதனை எளியது. மின்னோட்டத்தை நிறுத்தி, விளக்குகளையும் கருவிகளையும் கழற்றிவிட்டு, கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் தருவர். வீட்டு மின்னமைப்பில் விடை 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. வழங்கு மின்சாரம் மாறுமின்சாரமாயிருக்க, சோதனைக்கு நேர்மின்சாரம் ஏன்? மாறுமின்சாரத்தில் கம்பியின் மின்தேக்கத்தால் ஓடும் மின்னோட்டமும் கசிவோடு கலந்து அளவைக் குழப்பும்.

ஒருமுறை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். காப்பு முதுமையடைகிறது. பழைய ரப்பர் உறை வெடிக்கிறது, ஈரம் ஊறுகிறது, சூடு உலர்த்துகிறது, எலி கடிக்கிறது. இவற்றில் எதுவும் விளக்கொளியைக் குறைப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு வேண்டுமென்றதன் காரணம் இதுவே. சென்ற ஆய்வில் 200 மெகா ஓம் காட்டிய கம்பி இப்போது 5 காட்டினால், விதிப்படி அது தேறிவிட்டது. ஆயினும் எங்கோ ஏதோ நேர்ந்திருக்கிறது. அதை அறிய இன்றைய எண் மட்டும் போதாது, பழைய எண்ணும் வேண்டும். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்கவேண்டியது, சென்ற முறை அளவுகளை எழுதிவைத்த தாள் எங்கே என்பதுதான். நம்மில் எத்தனை பேர் அதை எடுத்துக் கொடுப்போம்?