யெண்டல் ஏன் ஆணுடை பூண்டாள்?

தந்தை மறைந்தார், தனித்து நின்றாள் மகள். கதவைத் தாழிட்டு, சன்னலுக்குத் திரையிட்டு, அவரிடம் மறைநூல் கற்றவள் அவள். இனி யாரிடம் கற்பாள்? கல்விக்கூடமோ ஆண்களுக்கு மட்டுமே திறக்கும். கூந்தலைக் கத்தரித்தாள், தந்தையின் உடையை அணிந்தாள், பெயரை மாற்றினாள், ஆணென நடித்து அக்கூடம் புகுந்தாள்.

இது வரலாறன்று, கதை. போலந்தில் பிறந்து, யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதி, 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷவிஸ் சிங்கர் தீட்டிய 'யெண்டல்' கதை. 1983இல் திரைப்படமாகவும் வந்தது. கதைதானே என்று ஒதுக்கிவிடலாமா? களவாடவா மாறுவேடம் பூண்டாள் அந்த மங்கை? கற்பதற்கன்றோ பூண்டாள்! கற்பதற்கு வேடம் ஏன் தேவைப்பட்டது? வரலாற்றைக் கேட்போம்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது, மிஷ்னா எனும் யூதச் சட்டத்தொகுப்பு. அதிலே இரு அறிஞர்கள் மோதுகின்றனர். மகளுக்குத் தோரா எனும் மறைநூலைக் கற்பிப்பது தந்தையின் கடமை என்கிறார் பென் அசாய். அது அவளுக்கு ஒழுக்கக்கேட்டைக் கற்பிப்பதற்கு ஒப்பாகும் என்கிறார் ரபி எலியேசர். ஒரே ஏட்டில் இரு குரல்! பின்வந்த நூற்றாண்டுகளில் ஓங்கி ஒலித்ததோ எலியேசரின் குரல்.

அக்குரல் என்ன செய்தது? பெரூரியாவைப் பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவர். ஒரே நாளில் முந்நூறு சட்டங்களைக் கற்றவர் எனத் தால்முத் நூலே அவரைப் புகழ்கிறது. ஆனால் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, ராஷி என்னும் பேராசானின் பெயரால் வழங்கும் உரையில் ஒரு கதை முளைத்தது. கணவரே தம் மாணவனை ஏவி அவர் கற்பைச் சோதித்தாராம், அவர் தவறினாராம், வெட்கி உயிர்விட்டாராம். தால்முத் சொல்லாத கதை இது! கற்றவளின் அறிவை வெல்ல முடியாதபோது, கற்பின்மீது கறை பூசுவது எவ்வளவு எளிது!

பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த அந்த ராஷிக்கு (1040-1105) ஆண் மகவு இல்லை, புதல்வியர் மூவர். பேரர்களின் உரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவர்களை ஈன்ற தாயர் என்ன கற்றனர்? ஏடுகள் ஏறக்குறைய வாய்திறக்கவில்லை. அந்த வெற்றிடத்திலேதான் மேகி ஆண்டன் எனும் அமெரிக்கப் பெண்மணி, 2005 முதல் 2009 வரை மூன்று புதினங்களை எழுதினார். அவற்றிலே புதல்வியர் தால்முத் கற்கின்றனர். தொழுகையின்போது ஆண்கள் நெற்றியிலும் கையிலும் கட்டும் தோற்பேழையையும் அணிகின்றனர். இந்தத் தோற்பேழைச் செய்தி வழிவழி வந்த கதையே, சான்றில்லை.

பெரூரியாமீது சுமத்திய பழிக்குச் சான்று கேட்ட நாம், ராஷியின் புதல்வியர்க்குச் சூட்டும் புகழுக்கும் சான்று கேட்கத்தான் வேண்டும். பகுத்தறிவுக்கு இரண்டு துலாக்கோல் இல்லை. புதினம் சான்றாகாது, ஆனால் சான்றைத் தேடத் தூண்டும்.

தேடினால் கிடைக்கிறது! பதினேழாம் நூற்றாண்டு, இன்றைய இராக்கின் மோசுல் நகரம். மகனில்லாத சாமுவேல் பர்சானி, மகள் அஸ்நாத்துக்கு மறைநூல் கற்பித்தார். வீட்டு வேலையைச் சுமத்தி அவள் படிப்பைக் கெடுக்கலாகாது என்று மருமகனிடம் உறுதியும் பெற்றார். கணவர் இறந்தபின் அங்கிருந்த சமயக் கல்விக்கூடத்தை அஸ்நாத்தே நடத்தினார். கடன்சுமை தாளாமல் பொருளுதவி வேண்டி அவர் எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. வேடமில்லை, சொந்தப் பெயரில், சொந்தக் கையெழுத்தில் நின்றார்.

பெர்லினில் ரெகினா யோனாஸ், பெண் ரபியாகலாம் எனச் சமய நூல்களைக் கொண்டே 1930இல் ஆய்வேடு எழுதினார். 1935இல் ரபிப் பட்டமும் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸில் நாஜிகள் அவரைக் கொன்றனர். ஏறத்தாழ மறக்கப்பட்ட அவர் பெயர், 1991இல் பெர்லின் ஆவணக்காப்பகத்திலிருந்து அவருடைய தாள்கள் கண்டெடுக்கப்பட்ட பிறகே மீண்டும் பேசப்பட்டது.

ஆகவே, பெண்ணுக்கு அறிவில்லை என்று யாரேனும் சொன்னால், அறிவில்லையா, அனுமதியில்லையா என்று திருப்பிக் கேளுங்கள். யெண்டல் மாற்றியது உடையை மட்டுமே. மூளை அதே மூளை; மகன் எனச் சொன்னதும் கதவு திறந்தது!