எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்: கீமோவா, ஸ்டெம் செல்லா?

கோலா கங்சாரிலிருந்து இந்த அரங்கத்திற்கு வந்திருக்கும் ஒரு தங்கையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பால்மரம் வெட்டி வளர்ந்த குடும்பம். அப்பாவுக்கு 62 வயது, மல்டிபிள் மயலோமா. கீமோதெரபி மட்டும் போதுமா, இல்லை ஸ்டெம் செல் மாற்றும் செய்ய வேண்டுமா என்று கேட்கிறார். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு இதற்குள் இருக்கிறது.

நம் ஊருக்கு வருபவர்களுக்கு 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் இன்னும் நிற்கும் ஒன்றைக் காட்டிப் பெருமைப்படுகிறோம் அல்லவா? அந்தக் கன்று ஊன்றப்படுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன், 1844-இல், லண்டனில் தாமஸ் மெக்பீன் என்ற மளிகை வியாபாரி விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு குகையிலிருந்து துள்ளி ஏறினார். நெஞ்சில் ஏதோ ஒடிந்தது போலிருந்தது. அதற்குப் பின் வலி ஓயவில்லை. அட்டை விட்டார்கள், இரத்தம் இறக்கினார்கள், இரும்புச் சத்தும் கொய்னாவும் கொடுத்தார்கள். அவருடைய சிறுநீரில் விசித்திரமான ஒரு புரதம் இருந்தது. அதை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். இன்றும் அந்தப் புரதத்திற்கு அவர் பெயர்தான். 1846 ஜனவரி 1-ஆம் தேதி மெக்பீன் இறந்தார். விலா எலும்புகள் கத்தியால் அறுக்கும் அளவுக்கு மென்மையாகிப் போயிருந்தன.

இதுதான் இந்த நோயின் குணம். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி எலும்பை அரிக்கின்றன, இரத்தத்தைக் குறைக்கின்றன, சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. தோட்டத்தில் முதுகு வலித்தால் யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? வாளி தூக்கித் தூக்கி வந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவதுதான் வழக்கம். ஓயாத முதுகுவலியோடு சோகையும் சேர்ந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

சிகிச்சையின் கதை இன்னும் வேடிக்கை. 1947 முதல் யூரித்தேன் என்ற மருந்தை இருபது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட நம்பிக் கொடுத்தார்கள். 1966-இல் சோதித்துப் பார்த்தால், வெறும் செர்ரி கோலா சுவைப் பாகு குடித்தவர்களை விட யூரித்தேன் குடித்தவர்கள் ஒன்றும் நன்றாக இல்லை! அதற்குள் மெல்பலான் வந்துவிட்டது. போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் உறவுக்கார ரசாயனம் இது. 1958-இல் சோவியத் நாட்டில் மயலோமாவுக்குப் பலன் தெரிந்தது. 1969-இல் அதோடு பிரெட்னிசோன் சேர்ந்தது. அந்த மாத்திரை ஜோடிதான் பல ஆண்டுகள் சிகிச்சை.

அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று லண்டனில் மெக்எல்வெயினும் பவுல்ஸும் கேட்டு, 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் நன்றாக அடங்கியது. ஆனால் மஜ்ஜையும் சேர்ந்து எரிந்தது. இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தி, பெரிய அளவு மெல்பலானுக்குப் பிறகு திரும்பச் செலுத்துவார்கள். அந்தச் செல்கள் புற்றைக் கொல்வதில்லை. கொல்வது மெல்பலான்தான். செல்கள் மஜ்ஜையை மீட்டுத் தருகின்றன. ஆகவே, தங்கையே, "கீமோவா, ஸ்டெம் செல்லா" என்பது இரண்டு எதிரிகளின் சண்டை இல்லை. மாற்று சிகிச்சைக்குள்ளேயே கீமோ இருக்கிறது.

அது உயிரைக் கூட்டித் தருகிறதா? 1996-இல் பிரான்சின் அட்டாலும் அவர் குழுவினரும் 65 வயதுக்குட்பட்ட 200 பேரை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் வழக்கமான கீமோவில் 12 விழுக்காடு, மாற்று பெற்றவர்களில் 52 விழுக்காடு. 2003-இல் பிரிட்டனில் 401 பேரிடம் செய்த ஆய்வும் மாற்று பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததையே காட்டியது. 2006-இல் அமெரிக்காவில் வந்த ஒரு முடிவு மட்டும் ஒத்துவரவில்லை. விஞ்ஞானம் அப்படித்தான்.

பிறகு களமே மாறியது. குழந்தைகளை ஊனமாக்கியதால் 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைட், 1999-இல் மயலோமாவுக்கு மருந்தாகத் திரும்பி வந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சீமா சிங்கால். 2003-இல் போர்டெசோமிப், 2006-இல் லெனலிடோமைட். இவற்றைக் கொடுத்த பிறகும் மாற்று தேவையா என்று 700 பேரிடம் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். நோய் திரும்பாமல் இருந்த காலம் மாற்றில் 50 மாதம், மருந்து மட்டும் என்றால் 36 மாதம். ஆனால் நான்காண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 81-உம் 82-உம் விழுக்காடு. ஏறக்குறைய ஒன்றே. 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வும் இப்படித்தான் முடிந்தது. நோய் தள்ளிப்போகிறது, ஆயுள் கூடியதாக இன்னும் தெரியவில்லை.

எனவே உங்கள் அப்பாவுக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது. மாற்றுக்குப் போனால் இரண்டு மூன்று வாரம் வார்டில் படுக்கை, வாய்ப்புண், முடி உதிர்தல், கிருமித் தொற்று அபாயம். கோலா கங்சாரிலிருந்து ஈப்போவைத் தாண்டி கோலாலம்பூர் வரை போய்வர வேண்டியிருக்கலாம். அம்பாங் மருத்துவமனையின் இரத்தவியல் பிரிவு இத்தகைய சிகிச்சைக்கான பெரிய மையம். கூட ஒருவர் இருந்தாக வேண்டும், வேலைக்கு லீவு போட்டாக வேண்டும். இதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே கேளுங்கள். அப்பாவின் ஸ்டெம் செல்களை எப்போது எடுப்பீர்கள் என்று. மெல்பலான் மாத்திரையை நீண்ட நாள் கொடுத்துவிட்டால் பிறகு போதுமான செல் கிடைப்பது கடினம். லெனலிடோமைட்டும் பல மாதம் ஓடினால் சிரமம் தரும். முதலில் எடுத்து உறைய வைத்துக்கொண்டால், மாற்றை இப்போதே செய்யலாம், நோய் திரும்பிய பிறகும் செய்யலாம்.