தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள்

சென்னைச் சபாக்களுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீன் பக்கம் நடக்கும். மேடையில் இருப்பவருக்கு அது அவமதிப்பு. இசை வரலாறு படிப்பவருக்கோ அது நல்ல தடயம். பெரிய உருப்படி முடிந்துவிட்டது, தனிக்குப் பிறகு இன்னின்னது வரும், அதற்குள் காபி குடித்துத் திரும்பிவிடலாம் என்பதெல்லாம் அவர்களுக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரிகிறது. இந்த வரிசையை அவர்கள் காதில் ஏற்றியவர் யார்?

கர்நாடக இசையில் எல்லாக் காலத்துக்குமாக அதிகத் தாக்கம் செலுத்தியவர் யார் என்று பேச்செடுத்தால், முதலில் வருகிற பெயர்கள் வேறு. பிள்ளைகள் இன்றும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடித் தொடங்குவதற்குக் காரணம் புரந்தரதாசர் என்கிறது மரபு. ராகங்களை 72 மேளங்களுக்குள் அடுக்கும் கணக்கைத் தந்தவர் வேங்கடமகி. தியாகராஜருக்கு (1767–1847) ஆதரவாளர்களைத் தேடவே வேண்டாம்.

ஆனால் தியாகராஜரின் தாக்கம் தானாகப் பரவியதல்ல. அவர் சபா மேடை ஏறியவரில்லை. உஞ்சவிருத்தி எடுத்துத் திருவையாற்றில் வாழ்ந்தவர். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று பிரிந்த சீடர் வழிகள்தாம் கீர்த்தனைகளைக் காத்தன. 1920-களில் அவருடைய சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். செல்வாக்கு என்பதில் பாதி, பின்னால் வந்தவர்கள் போட்ட உழைப்பு. முத்துசுவாமி தீட்சிதர் உருப்படிகளின் கதையும் இதுதான்; 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டிராவிட்டால் இன்று அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

19-ஆம் நூற்றாண்டின் மேடை இன்றைய ரசிகருக்கு அடையாளமே தெரியாது. அரண்மனை, மடம், செட்டிநாட்டுக் கல்யாண வீடு ஆகியவையே வித்வான்களின் களம். நேரத்துக்குப் பஞ்சமில்லை. ராகம், தானம், பல்லவிதான் மையம். கீர்த்தனை பக்கவாட்டில் வரும். வித்வானுக்கு வித்வான் போட்டி என்றால் பல்லவிதான் ஆயுதம். மகா வைத்தியநாத ஐயர் 12 வயதுச் சிறுவனாகக் கல்லிடைக்குறிச்சியில் மூத்த வித்வான்களுக்கு நடுவே பாடி ‘மகா’ பட்டம் வாங்கியது அப்படியொரு சபையில்தான்.

பிறகு புரவலர் மாறினார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சென்னையில் சபாக்கள் முளைத்தன. 1927 டிசம்பர் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாடமி 1928-இல் உருவானது. டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் தாளக் கணக்கில் தேர்ந்தவர் அல்லர். வக்கீலும் குமாஸ்தாவும் மாலையில் வந்து, இரவு வீடு திரும்பி, காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். பல்லவியை மணிக்கணக்கில் வளர்த்தால் அவர்களுக்கு எப்படித் தாங்கும்?

காஞ்சிபுரம் நயினா பிள்ளை இதற்கு ஒரு வழியைக் காட்டினார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே பெயர். லயத்தின் மல்யுத்தம் அது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) எதிர்த் திசையில் போனார்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் அவர். அவருடைய குரு பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். பூச்சியின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவருடைய குரு தியாகராஜரின் சீடரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். ஆக, கீர்த்தனைச் செல்வம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவர் அடுக்கிய விதம்தான் புதுசு. தொடக்கத்தில் விறுவிறுப்பாக ஒரு வர்ணம். அடுத்துச் சின்னச் சின்னக் கீர்த்தனைகள், அளவான ஆலாபனையோடும் கல்பனை ஸ்வரத்தோடும். நடுவில் ஒன்றை நிரவலும் ஸ்வரமுமாக விரித்துப் பாடி, தனி விடுவார். ராகம் தானம் பல்லவி உண்டு, ஆனால் சுருக்கமாக. கடைசியில் பதம், ஜாவளி, விருத்தம், திருப்புகழ், தில்லானா என்று துக்கடாக்கள், பிறகு மங்களம். எல்லாம் மத்தியம காலத்தில், எதையும் சலிக்கவிடாமல்.

இதெல்லாம் அவர் ஒருவர் கண்டுபிடிப்பா என்று கேட்பது நியாயம். வர்ணமும் கீர்த்தனையும் துக்கடாவும் முன்பே இருந்தன. சபாவின் கடிகாரமும் மூன்று நிமிடக் கிராமபோன் தட்டும் எல்லாரையும் சுருக்கமாகப் பாடவே பழக்கிக்கொண்டிருந்தன. அவர் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருக்கலாம். ஆனாலும் அந்த வரிசையை அலுக்காமல் மேடைக்கு மேடை நிரூபித்துக் காட்டியவர் அவர். சான்று அவருடைய பாட்டில் இல்லை, மற்றவர்களுடைய கச்சேரிகளில் இருக்கிறது. செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, எம்.எஸ்., பட்டம்மாள் எல்லாருக்கும் குரல் வேறு, பாணி வேறு. ஜி.என்.பி.யின் பிருகாக்களில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம்தான் கேட்கும், அரியக்குடி கேட்கமாட்டார். ஆனால் கச்சேரியின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே. ராகத்தை வளர்ப்பதில் ராஜரத்தினம் பிள்ளைக்கு ஈடு சொல்வது கடினம். இருந்தும் அவருடைய விஸ்தாரம் வாய்ப்பாட்டுக் கச்சேரியின் சட்டமாகவில்லை.

இந்த வரிசைக்கு விலையும் உண்டு. தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் கடைசிப் பகுதியில், ஜனம் செருப்பைத் தேடும் நேரத்தில் வந்து விழுந்தது. தமிழ்ப் பாட்டைத் துக்கடாவாக ஒதுக்குகிறார்கள் என்பது 1940-களில் தமிழிசை இயக்கத்தின் முக்கியமான புகார்களில் ஒன்று. அண்ணாமலை அரசர் முன்னின்ற அந்தக் கிளர்ச்சி 1943-இல் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றது. சண்டை மொழியைப் பற்றியதாகத் தோன்றினாலும், பாதிச் சண்டை இடத்தைப் பற்றியது. மேடையில் எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்ற வழக்கம் அவ்வளவு சீக்கிரம் கெட்டிப்பட்டுவிட்டது.

அண்மைக் காலத்தில் அதைத் தட்டிப் பார்த்தவர் டி.எம். கிருஷ்ணா. வர்ணத்தைத் தொடக்கத்திலிருந்து பெயர்த்து, கச்சேரியின் நடுநாயகமாக்கி விரித்துப் பாடினார். வரிசை குலைந்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் கொண்டாடினார்கள். சென்ற நூற்றாண்டில் மேடையில் வளர்ந்த ஓர் ஏற்பாட்டை வேதம்போல எண்ணியதால்தான் அந்த முணுமுணுப்பே எழுந்தது. அந்த ஏற்பாட்டின் ஆசிரியர் தமிழுக்குச் செய்த வேறொரு காரியமும் இருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தார். மார்கழி விடியலில் முதல் பாசுரத்தை நாட்டை ராகத்தில் எடுக்கிறவர்கள் பாடுவது அரியக்குடியின் மெட்டு.