பட்டா கிடைத்த மறுநாள்

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கை, 1892 அரசாணை, 12 லட்சம் ஏக்கர் எனக் கணக்கு நமக்கு மனப்பாடம். அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994-ல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களைப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். மீட்ட நிலத்தில் மறுநாள் என்ன செய்வது? இதை நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டுமானால் தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரத்து தலித் பெண்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அங்கே தலித் குடும்பங்களுக்கு அரசு கொடுத்தது ஓரிரண்டு ஏக்கர். கல்லும் சரளையும் நிறைந்த, வேறு யாரும் விரும்பாத மேட்டு நிலம். ஏரும் மாடும் எருவும் இல்லாததால் அது தரிசாகவே கிடந்தது. பட்டா வைத்திருந்தவர்கள் பண்ணையாரின் வயலுக்குக் கூலிக்குப் போனார்கள். 1983-ல் கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. பசி தணிந்தது உண்மை. ஆனால் சோளம் விதைக்க இருந்த கொஞ்சநஞ்சக் காரணமும் போனது.

அதே காலத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனம் ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்களைத் தொடங்கியது. தொண்டு நிறுவனம் என்றதும் நமக்கு வரும் சந்தேகம் நியாயமானதுதான். இங்கே முடிவை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

1990களின் நடுவில் 30க்கும் மேற்பட்ட ஊர்களில் 2,500 ஏக்கருக்கும் அதிகமான தரிசு உழவுக்கு வந்தது. உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் சங்கம் கடன் கொடுத்தது. பணமாகத் திருப்பித் தர வேண்டாம்; சில ஆண்டுகளில் சோளமாக ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் அளந்தால் போதும். அந்தச் சோளம் பஞ்ச மாதங்களில் ஊரின் ஏழைகளுக்கு மலிவாகப் போனது. யார் ஏழை? தாசில்தாரின் பட்டியலை அவர்கள் கேட்கவில்லை. ஊர் நடுவே தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாகப் பேசி, எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்தார்கள். மிக ஏழைக்கு அதிக அளவு. அதிகாரிகள் போடும் பட்டியலில் பெயருக்காகக் காத்து நின்ற பெண்கள், தாங்களே பட்டியல் போட்டார்கள். நம்மைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம் இதுதான்.

சோளம், தினை, துவரை என்று ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைத்தார்கள். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். துவரையின் உதிர்ந்த இலை மண்ணுக்கு உரம். சாம்பலும் வேப்பிலையும் கலந்து விதையைக் கூடையில் காத்தவர்களும் இவர்களே. 2008-ல் மாச்சனூரில் சொந்த வானொலி தொடங்கினார்கள். 2019-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது.

நிலமே இல்லாத பெண்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனால் குத்தகை நிலத்தில் போட்ட எருவும் உழைப்பும் கடைசியில் உடைமையாளரின் மண்ணைத்தான் வளமாக்கும். பஞ்சமி நிலக் கோரிக்கையையும் இந்த வேலையையும் நாம் ஒன்றாகவே எடுத்துச் செல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.