பெயரும் மண்ணும்: லிப்டன் வர்த்தகக் குறியின் பிரிவினை வரலாறு

கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா வழியே செல்லும் பாதை ஹேவாஹெட்ட மலைப்பகுதியை அடைகின்றது. அப்பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கைக்கு அதுவே தோற்றுவாய். ஆயினும் உலகச் சந்தையில் நிலைத்த பெயர் டெயிலருடையதன்று. 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டனின் பெயரே நிலைத்தது. அப்பெயர் பின்னர் பன்முறை கூறுபட்டது. அவ்வரலாறு, பெயருக்கும் அதனை ஆக்கிய மண்ணுக்கும் இடையிலான உறவு எவ்வாறு அறுந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது.

பிரித்தானியாவின் 1875ஆம் ஆண்டுச் சட்டம் வர்த்தகக் குறிகளுக்குப் பதிவேடு வகுத்தது. அச்சட்டத்தின்படி ஒரு குறியை, அது சார்ந்த வணிகத்தின் நன்மதிப்போடு சேர்த்தே கைமாற்ற இயலும். குறி என்பது பொருளின் பிறப்பிடத்தைச் சுட்டுவது. வணிகத்தினின்றும் அதனைப் பிரித்தால் நுகர்வோர் ஏமாற்றப்படுவர் என்பதே அதன் அடிப்படை. 1938ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. நன்மதிப்பின்றியும், பதிவிலுள்ள பொருள்களுள் சிலவற்றுக்கு மட்டுமாயும் குறியைக் கைமாற்ற அது இடமளித்தது. குறி தனிச் சொத்தாயிற்று.

அதே 1938 தொடங்கி லிப்டனின் அமெரிக்க, கனேடிய வணிகம் யூனிலீவர் வசமாயிற்று. ஏனைய நாடுகளின் வணிகம் வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. 1972இல் அதனையும் யூனிலீவர் வாங்கியபோது பிரிந்த பெயர் மீண்டும் ஒன்றாயிற்று. அவ்வொருமை அரை நூற்றாண்டே நீடித்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2022 ஜூலையில் நிறைவெய்திய விற்பனையில், தேயிலை வணிகத்தின் பெரும்பகுதி 450 கோடி யூரோவுக்கு சி.வி.சி. முதலீட்டு நிறுவனத்திடம் சென்றது. இந்தியா, நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தேயிலை வணிகத்தையும், பெப்சிகோவுடன் கூட்டாக நடத்திய போத்தல் தேநீர் வணிகத்தின் பங்கையும் யூனிலீவர் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இங்கு இருவகைப் பிரிவினை காணப்படுகின்றது. நாட்டுவாரிப் பிரிவினை எளிது. ஒவ்வொரு நாட்டுக்கும் பதிவேடு தனியாகும். பொருள்வாரிப் பிரிவினையோ சிக்கலானது. தேயிலையும் தேயிலைசார் குளிர்பானமும் சர்வதேசப் பொருள் வகைப்பாட்டில் 30ஆம் வகுப்பிலேயே அடங்குவன. ஒரே பதிவிலுள்ள இத்தகைய பொருள்களுள் ஒருசிலவற்றின் உரிமை மட்டும் மாறின், அப்பதிவையே பிளத்தல் வேண்டும். 1994ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிச் சட்ட உடன்படிக்கை இதற்கு வழிசெய்தது. நாட்டின் சட்டம் அத்தகைய பகுதி மாற்றத்தை அனுமதிக்குமிடத்து, உரிமை மாறிய பொருள்களுக்குப் பதிவகம் தனிப் பதிவொன்றை உருவாக்குதல் வேண்டும் என அது விதித்தது. 1996 ஆகஸ்டில் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோதே இலங்கையும் அதில் அங்கம் வகித்தது.

எனினும், பதிவேடு அறியாத பிரிவினை ஒன்றுண்டு. 1975இல் இலங்கையிலிருந்த கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. மண் நாட்டிடம் மீண்டது. அம்மண்ணின் விளைச்சலால் புகழ்பெற்ற வணிகப் பெயர்கள் கம்பனிகளிடமே நின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்து காடழித்துக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்திருந்தனர். பெயரின் மதிப்பை ஆக்கியோருக்கு அதன் உரிமையில் எப்பங்கும் இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறான குறியொன்றும் இந்நாட்டில் உண்டு. இலங்கைத் தேயிலைச் சபைக்குரிய சிங்க இலச்சினையை, முற்றிலும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தேயிலைக்கே இடலாம். 1972இல் நாட்டின் பெயர் மாறியும் ‘சிலோன் தேயிலை’ என்னும் பெயர் மாறவில்லை. லிப்டன் என்ற பெயர் எம்மண்ணின் தேயிலையோடும் செல்லும். இச்சிங்கமோ இம்மண்ணை விட்டகலாது. ஆனால் மண்ணோடு பிணைந்த பெயரின் பயன், அம்மண்ணில் உழைப்போரையும் சென்றடையும்போதுதான் அப்பிணைப்பு முழுமை பெறும்.