குருந்தக் கல்லும் பால்வெட்டுக் கத்தியும்



ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தி நேரத்து ஓசை ஒன்று நினைவிருக்கும். வேலை முடிந்து, குளித்துத் தேநீர் குடித்தபின், லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டும் ஓசைதான் அது. என் தகப்பனாரிடம் கறுப்புக் கல் ஒன்று இருந்தது. வெயிலில் பிடித்தால் அதில் சின்னச் சின்னப் பொறிகள் மின்னும். “கார்பரண்டம் கல்” என்பார். “இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச கல்லுப்பா. நம்ம ஊருக் கல்லு இப்படிப் பிடிக்காது” என்று பெருமையாகச் சொல்வார். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், நூலகத்திலிருந்த பெரிய ஆங்கில அகராதியில் வேறு ஏதோ சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ‘கொரண்டம்’ என்ற சொல் கண்ணில் பட்டது. அதன் மூலம் தமிழ்க் ‘குருந்தம்’ என்று அங்கே அச்சிட்டிருந்தது. கார்பரண்டம் என்ற பெயரில் பாதி, அந்தக் கொரண்டம்தான். அப்பாவின் வெள்ளைக்காரக் கல்லுக்குள் ஒரு தமிழ்ச் சொல் அமர்ந்திருந்தது! அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

கத்தி தீட்டுவது என்றால் என்ன? எஃகைவிடக் கடினமான துகள்களால் எஃகைக் கீறிக் கீறி மெல்லியதாக்குவது. அவ்வளவுதான். ஆற்றங்கரை மணற்கல்லில் இருப்பது படிகக்கல் துகள். ஜெர்மானியரான மோஸ் 1812-இல் வகுத்த கடினப் படிவரிசையில் அதற்கு 7-ஆம் இடம். குருந்தத்திற்கு 9, வைரத்திற்கு 10. நன்றாகப் பதம் ஏற்றிய எஃகு ஏறக்குறைய படிகக்கல்லின் அருகிலேயே நிற்கிறது. ஆகவேதான் மணற்கல்லில் நல்ல கத்தியை நெடுநேரம் தேய்க்க வேண்டியிருக்கிறது. குருந்தமானால் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும்.

குருந்தம் என்பது அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த கனிமம். அது தூயதாக, குரோமியம் சிறிதளவு கலந்து சிவந்து அமைந்துவிட்டால் அதற்கு மாணிக்கம் என்று பெயர். நீலமாக அமைந்தால் நீலக்கல். இரண்டும் இல்லாமல் மங்கலாகக் கிடைத்தால் சாணைக்கல். அரசன் முடியில் இருப்பதும் கொல்லன் பட்டறையில் இருப்பதும் ஒரே பொருள்தான். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வருணனை வருகிறதல்லவா? அங்கே மாணிக்க வகைகளுள் ஒன்றாக ‘விந்தம்’ சொல்லப்படுகிறது. அது குருவிந்தம் என்பர். வடமொழியிலும் அந்தச் சொல் உண்டு. யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற வழக்கிற்குள் நான் நுழையவில்லை.

தமிழ்நாட்டில் இன்று நாமக்கல் மாவட்டமாக உள்ள பகுதியில், பரமத்திக்கு அருகே சித்தம்பூண்டி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வெண்பாறையில் குருந்தம் பொதிந்திருக்கிறது. பாறை சிதைந்து மண்ணானாலும் குருந்தம் சிதையாது, மண்ணிலேயே தங்கும். (இந்தப் பாறை நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்தது. ஆதலால் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் சந்திரயான் கலத்தைச் சோதிப்பதற்காக இவ்வூர்ப் பாறையைப் பொடித்து நிலவு மண் போலத் தயாரித்தார்கள். இடையில் சொல்லிவைத்தேன்.) தென்னாட்டுக் கைவினைஞர்கள் குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் அரக்கு, துகள்களைப் பற்றிக்கொள்ளும். அச்சில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் சக்கரம் சுழலும். மணிகளைப் பட்டை தீட்டியதும், வாளுக்குக் கூர் ஏற்றியதும் இதில்தான். இன்று தொழிற்சாலைகளில் ஓடும் சாணைச் சக்கரத்தில் அரக்கிற்குப் பதில் சுட்ட களிமண்ணோ பிசினோ இருக்கிறது, அமைப்பு மாறவில்லை.

ஐரோப்பாவில் அக்காலத்தில் கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவின் எமரிக் கல்லையே பெரிதும் நம்பியிருந்தார்கள். எமரி என்பதும் குருந்தமே; ஆனால் இரும்புத்தாது கலந்தது, ஆகவே வீரியம் குறைவு. 1725-இல் வெளிவந்த ஜான் உட்வர்டு என்பாரின் கனிமப் பட்டியலிலேயே குருவிந்தம் என்ற பெயர் திரிந்த வடிவில் வந்துவிட்டது. ஆயினும் கல்லைக் கையில் பிடித்து ஆராய்ந்தது பின்னால்தான். சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798-இல் லண்டன் அரச கழகத்தின் ஏட்டில், ஆசியாவிலிருந்து வந்த கொரண்டம் கல்லைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு செய்தி வருகிறது. சென்னையிலிருந்த மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோ நகரில் மணிகளில் முத்திரை செதுக்கும் வில்லியம் பெரி என்பாருக்கு ஒரு பெட்டி நிறையக் குருந்தப் படிகங்களை அனுப்பினாராம். வைரம் ஒழிந்த மற்ற மணிகளையெல்லாம் இந்தியர் இதனால்தான் தீட்டுகிறார்கள் என்ற குறிப்பும் கூடவே போயிற்று. பெரி அதைச் சோதித்தார், கல்லை அறுத்தது. ஆனால் தம் நுண்ணிய வேலைக்கு வைரத்தூளே மேல் என்று எண்ணிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டார். கல் ஓரம் போனாலும் பெயர் நிலைத்தது. கிரெவிலுக்குச் சற்று முன்பே, 1794-இல் ரிச்சர்டு கிர்வன் இன்றைய எழுத்துக்கூட்டலில் அப்பெயரைக் கனிம நூலில் ஏற்றியிருந்தார்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். எட்வர்டு ஆச்சிசன் என்பவர் முன்பு எடிசனிடம் வேலை பார்த்தவர். 1891-இல் பென்சில்வேனியா மாநிலத்தில், ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஆறியபின் பார்த்தால், நடுவிலிருந்த கரிக்கோலில் பளபளவென்று சில பொடிப் படிகங்கள் ஒட்டியிருந்தன. ஒரு பென்சில் நுனியில் அதை ஒட்டிக் கண்ணாடிமேல் இழுத்தார். வைரம் போலக் கீறிற்று.

களிமண்ணில் அலுமினியம் உண்டு. கரியும், அலுமினியக் கனிமமான கொரண்டமும் கூடிப் பிறந்த குழந்தை இது என்று ஆச்சிசன் கருதினார். ஆதலால் கார்பன் என்பதில் பாதியையும் கொரண்டம் என்பதில் பாதியையும் ஒட்டிக் ‘கார்பரண்டம்’ என்று பெயர் வைத்தார். பிறகு சோதித்துப் பார்த்தால், அதில் அலுமினியத்திற்கு வேலையே இல்லை! களிமண்ணிலிருந்த சிலிக்கன்தான் கரியோடு சேர்ந்திருந்தது. மணலும் கரியுமே போதும். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. 1893-இல் காப்புரிமையும் கிடைத்தது. குருந்தம் ஒரு துளியும் இல்லாத கல்லில் குருந்தத்தின் பெயர் நிலைத்த கதை இதுதான். தவறுதலாகக் கிடைத்த பெருமை என்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

முதலில் இதை மணி தீட்டுவோருக்குக் காரட் கணக்கில் நிறுத்து விற்றார்கள். 1895-இல் தொழிற்சாலையை நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கொண்டுபோய், நீர் மின்சாரத்தால் பெரிய உலைகளை நடத்திய பிறகுதான் விலை இறங்கிச் சாதாரணத் தொழிலாளியின் கைக்கும் எட்டியது.

அதே பத்தாண்டில் நம் பக்கத்தில் என்ன நடந்தது? 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் புண்ணாகும். ரிட்லி காட்டிய வழி வேறு. சாய்வாக ஒரு கோடு வெட்டி, மறுமுறை புதிதாகக் கொத்தாமல், அதே வெட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பது. இதனால் மரமும் பிழைக்கிறது, பாலும் பெருகுகிறது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன்பின் நம் முன்னோர் கப்பலேறி வந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள்.

சீவுவது என்றதும் எல்லாம் கத்தியின் கூரில் வந்து நின்றது. பால்குழாய்கள் உட்பட்டையில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, பட்டையையும் மரத்தையும் வளர்க்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. வெட்டு அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். முனை மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். கையை அழுத்தினால் வளர்படையில் இறங்கிக் காயம் பண்ணும். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். தடிப்பாகச் சீவினாலோ பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ஐந்நூறு மரம் ஓடுகிறவருக்குக் கல் ஒரு சாதாரணப் பொருள் அல்ல. காயம் பட்ட மரத்திற்குக் கங்காணியிடம் யார் பதில் சொல்வது?

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போனவன், “நானே தீட்டுகிறேன்” என்று கத்தியை வாங்கினேன். வெளிப்புறத்தை மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டு, பள்ளமாக வளைந்த உட்புறத்தில் கல்லின் ஓரத்தை விட மறந்தேன். விளிம்பில் பிசிர் நின்றுவிட்டது. மறுநாள் முதல் மரத்திலேயே பட்டை நார்நாராக வந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. கட்டைவிரல் நகத்தில் கத்தியை வைத்து, “வழுக்குது பார். நகத்தில் பிடிச்சாத்தான் மரத்தில் பிடிக்கும்” என்றார். இடுப்பிலிருந்த கல்லை எடுத்து, இருட்டிலேயே ஐந்தாறு இழுப்பில் சரிசெய்தார். இன்றும் எந்தக் கத்தியையும் நகத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

வைரத்தின் முறை பிறகு வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் டிரேசி ஹால் என்பவர், ஏறக்குறைய ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் கரியை வைரமாக்கிக் காட்டினார். சுவீடனில் அதற்கு முந்திய ஆண்டிலேயே செய்திருந்தார்கள், வெளியில் சொல்லவில்லை. அந்தச் செயற்கை வைரத் துகளை எஃகுத் தகட்டின்மேல் நிக்கல் பூச்சால் பதித்து, இப்போது தீட்டும் தகடுகள் விற்கிறார்கள். கல்லைப் போல இது நடுவில் குழியாது. தண்ணீர் தெளித்தால் போதும். லேசாக இழுக்க வேண்டும், அழுத்தினால் துகள் பெயர்ந்துவிடும். ஒரு வேடிக்கை: விரைந்து சுழலும் சக்கரத்தில் வைரம் எஃகுக்கு ஏற்றதல்ல. சூடேறினால் வைரத்தின் கரியை இரும்பு கரைத்துக்கொள்ளும். கையால் தீட்டும்போது அந்தச் சூடு வராது. ஆகவே கத்திக்கும் உளிக்கும் அது நன்றாகவே உதவுகிறது.

சென்ற ஆண்டு நானும் அப்படியொரு தகடு வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையற்கத்தியைத் தீட்டி நகத்தில் வைத்தார்; பிடித்தது. “நல்லாத்தான் இருக்கு” என்றவர், வளைந்த பால்கத்தியின் உட்புறத்திற்கு இந்தத் தட்டைத் தகடு எப்படிப் போகும் என்று கேட்டார். அதற்கென்று உருண்டையான வைரக்கோல் தனியாக உண்டு என்றேன். “அப்ப அது வர்ற வரைக்கும்” என்று நடுவில் குழிந்துபோன பழைய கறுப்புக் கல்லைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார்.